கழுத்து மட்டும் என்னுடையது

அத்தியாயம் 14

“கேக்கறேன்ல? இது யாரோட இடுப்புடீ?”

“கத்தாத. அம்மா எந்திரிச்சுருவா.”

“எந்திரிக்கட்டும். குளியலறை ஹீட்டர் மேல ஒரு இடுப்பு காயுது. அதோட சேத்து ஒரு தொப்பையும் காயுது. பல்லு தேய்க்க வந்தவ பயந்து சாக வேண்டியதுதான்.”

“அதைக் கீழ வை, டோம்கெ. இன்னும் ஈரமா இருக்கு.”

“ஈரமா இருக்கறதுதான் இப்ப பிரச்சினையா?”

டோம்கெ அதைக் கீழே வைக்கவில்லை. இரண்டு கைகளாலும் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தோல் நிறத் துணிக்குள் ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்த அரைக்கால் சட்டை. இரு பக்கமும் புடைத்திருந்தது, பின்னால் புடைத்திருந்தது, முன்னால் மெதுவாக உப்பியிருந்தது. பக்கவாட்டில் வரிசையாகக் கொக்கிகள். ஓரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு, தயங்கி, அவள் கால் விரலில் விழுந்தது.

“இதை நீ போட்டுக்கறியா?”

ஃபென்யாவின் கையில் பல் துலக்கும் பிரஷ் அப்படியே நின்றது.

“படம் எடுக்கும்போது? கவுனுக்கு உள்ள?”

“ம்.”

“எத்தனை நாளா?”

“நாலு வருஷமா.”

ஹாம்பர்க் நகரத்தின் பார்ம்பெக் பகுதியில், மூன்றாவது மாடியில் இருக்கும் இந்த வீட்டில், போன வாரம்தான் கேஸா லூர்சனும் அவள் இரண்டு மகள்களும் ஆப்பிள் கேக்கைத் தட்டில்கூட வைக்காமல் சுட்ட பாத்திரத்திலிருந்தே கரண்டியால் எடுத்துத் தின்றார்கள். பெரிய மகள் ஃபென்யாவுக்கு அட்டைப்படம் கிடைத்திருந்தது. டாம்க்ரோன் நிறுவனத்தின் கோடைகாலப் பத்திரிகை. பருமனான பெண்களுக்கென்று உடை தைத்து விற்கும் நிறுவனம். நான்கு வருடமாக ஃபென்யாதான் அதன் முகம். நீளக் கழுத்து, கூரிய தாடை, அதற்குக் கீழே தாராளமான இடுப்பு. ‘எங்களைப் போல ஒருத்தி’ என்று வாசகிகள் அவளுக்குக் கடிதம் எழுதுவார்கள்.

வீட்டில் அவள் தொளதொளப்பான ஸ்வெட்டரில் திரிவாள். கேமரா எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் என்று அவள் சொன்னதைத் தங்கை நம்பியிருந்தாள்.

“உன் நிஜ டிரெஸ் அளவு என்ன?”

“நாப்பத்திரண்டு.”

“விக்கறது நாப்பத்தெட்டு.”

“முகம் மெலிசா வேணும், இடுப்பு பெருசா வேணும்னு கேக்கறாங்க. ரெண்டும் ஒரே ஆளுகிட்ட கிடைக்கறது கஷ்டம். அதான் ஒண்ணைத் தைச்சுக்கறாங்க. எல்லா இடத்துலயும் நடக்கறதுதான். நான் இதை வாடகைக்காரின்னு கூப்பிடுவேன்.”

அவள் சிரிக்கப் பார்த்தாள். டோம்கெ சிரிக்கவில்லை.

டோம்கெவுக்குப் பத்தொன்பது வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் தொழில் பழகுகிறாள். ஐம்பதாம் அளவு, ஸ்பாஞ்ச் எதுவும் இல்லாமல். அவள் அலமாரிக் கதவின் உட்பக்கம் முழுக்க அக்காவின் படங்கள்.

“அந்த நீலச் சட்டை ஞாபகம் இருக்கா?” என்றாள். “போன கோடையில நீ போட்டது. என் முதல் சம்பளத்துல அதைத்தான் வாங்கினேன். கண்ணாடி முன்னாடி நின்னா, உனக்கு மாதிரி எனக்கு இல்ல. இங்க பாரு, கழுத்துல ரெண்டு மடிப்பு. உனக்கும் பெரிய இடுப்புதான், எனக்கும் பெரிய இடுப்புதான். உன் கழுத்து மட்டும் ஏன் அப்படி இருக்கு, என் கழுத்து மட்டும் ஏன் இப்படி இருக்கு? குண்டா இருக்கறதுலகூட நான் தப்பா இருக்கேன்னு நினைச்சேன். ஜூலை மாசத்துல மஃப்ளர் கட்டிட்டுக் கடைக்குப் போனேன்டீ. தொண்டை வலியான்னு எல்லாரும் கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்.”

ஃபென்யாவின் வாயில் பற்பசை நுரை உலர்ந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு கேஸா வந்தாள். இரவு அங்கி, கலைந்த தலை, பாதித் தூக்கம். மகள்களைப் பார்க்கவில்லை. ஸ்பாஞ்சைத்தான் பார்த்தாள். கை நீட்டி அமுக்கிப் பார்த்தாள்.

“நேத்தே சொன்னேன்ல, துவைக்காத, விடியறதுக்குள்ள காயாதுன்னு.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு விழிப்பு வந்தது.

டோம்கெ மெதுவாகத் திரும்பினாள்.

“உனக்குத் தெரியுமா?”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

கேஸாவுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? அவளும் டாம்க்ரோனில்தான் வேலை பார்க்கிறாள், இருபத்திரண்டு வருடமாக. செவ்வாயும் வியாழனும் தையல் கூடத்தில் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நிற்பாள். தையற்காரிகள் அவளைச் சுற்றித் துணியை வெட்டி ஊசி குத்துவார்கள். வடக்கு ஜெர்மனியில் நாற்பத்தெட்டாம் அளவு டாம்க்ரோன் கவுன் வாங்கும் அத்தனை பெண்களும் கேஸாவின் தோளுக்கும் இடுப்புக்கும் வெட்டிய துணியைத்தான் உடுத்துகிறார்கள். அவள் முகம் ஒருத்திக்கும் தெரியாது. ஒப்பந்தத்தில் அவள் சுற்றளவுகள் எழுதியிருக்கின்றன. இரண்டு சென்டிமீட்டர் கூடினாலும் போச்சு, குறைந்தாலும் போச்சு. ‘ஊர் உலகத்துல மெலிஞ்சா வேலை போற பொம்பளை நான் ஒருத்திதான்’ என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

“கம்பெனி விஷயத்தை யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க, டோம்கெ. எங்க ரெண்டு பேருகிட்டயும்.”

“வீட்டுலகூடவா?”

“வீட்டைத் தவிரன்னு அதுல எழுதலையே.”

“மஃப்ளர் கட்டிட்டுப் போனப்ப நீதான வாசல்ல நின்னு டாட்டா காட்டின?”

கேஸா அங்கியின் நாடாவை இறுக்கிக்கொண்டாள்.

“இன்னிக்கு நானும் வர்றேன்,” என்றாள் டோம்கெ.

“எங்க?”

“படப்பிடிப்புக்கு. எங்க அக்காவோட இடுப்பு தனியா ரயில்ல போகுமா? யாராவது டிக்கெட் எடுத்துத் தரணும்ல.”

*

துறைமுகத்துப் பழைய கிடங்கில் படப்பிடிப்பு. வெளியே பிப்ரவரி. எல்பே நதியில் பனிக்கட்டித் துண்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கடலைத் தேடிப் போய்க்கொண்டிருந்தன. உள்ளே மே மாதம். மேலிருந்து தரைவரை இறங்கிப் பரவிய வெள்ளைக் காகிதம், நான்கு பெரிய விளக்குகள், காகிதத்தின் ஓரத்தில் ஒரு தொட்டி எலுமிச்சை.

மூவரும் ஒன்றாகத்தான் ரயிலில் வந்தார்கள்; கேஸாவுக்கும் அங்கே வேலை இருந்தது. ஸ்பாஞ்சைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள் ஃபென்யா. அதை வீட்டுக்குக் கொண்டு வந்ததே தப்பு. ஒத்திகையில் முகப்பூச்சு கொட்டிக் கறையாகிவிட்டது, திட்டு விழுமே என்று கம்பெனியில் யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்து துவைத்தாள். அவள் அளவுக்குத் தைத்தது அது ஒன்றுதான். வேறு கிடையாது.

“மொயின்,” என்றார் புகைப்படக்காரர் ஹின்னெர்க். காலை, மதியம், சாவு வீடு, கல்யாண வீடு எல்லாவற்றுக்கும் அவரிடம் அந்த ஒரு வணக்கம்தான்.

வென்டலின் ஒரு தாளை வீசிக்கொண்டே வந்தாள். பத்திரிகையின் பொறுப்பாசிரியை; ‘ஃப்ராவ்’ என்று மரியாதை சேர்த்துத்தான் அவளைக் கூப்பிட வேண்டும். கண்ணாடியைத் தலைமுடியில் செருகிவிட்டு அதையே தேடுகிற பெண்.

“ஃபென்யா, கண்ணு, இதைப் பாத்து ஒரு கையெழுத்து. பன்னிரண்டு மணிக்கு அச்சுக்குப் போகணும். உங்க பேட்டி.”

தாளின் மேலே பெரிய எழுத்தில் ‘உள்ளது உள்ளபடி’ என்று தலைப்பு. அதன் கீழே, மேற்கோள் குறிக்குள் ஒரு வரி. ஃபென்யா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோளுக்குப் பின்னாலிருந்து டோம்கெ சத்தமாகப் படித்தாள்.

“‘இது என் உடம்பு. இதில் ஒரு சென்டிமீட்டர் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.’”

“நான் இப்படிச் சொல்லவே இல்லையே, ஃப்ராவ் வென்டலின்.”

“சொல்லியிருப்பீங்கன்னு எழுதினோம். நல்லா இருக்குல்ல? இவங்க யாரு?”

“என் தங்கச்சி.”

வென்டலினின் கண் டோம்கெவின் கழுத்திலிருந்து கால்வரை ஒரு முறை இறங்கி ஏறியது. தொழில் பழக்கம்.

“ஐம்பதா?”

“முதல்ல மொயின்னு சொல்லணும்,” என்றாள் டோம்கெ. “அளவெல்லாம் அப்புறம்.”

ஹின்னெர்க் கேமராவுக்குப் பின்னால் இருமினார். அது இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை.

“படம் எடுத்து முடிச்சிட்டுக் கையெழுத்துப் போடறேன்,” என்று சொல்லிவிட்டு ஃபென்யா திரைக்குப் பின்னால் போனாள்.

அங்கே கேஸா ஏற்கனவே மஞ்சள் கவுனைப் போட்டுச் சரிபார்த்துக் கழற்றியிருந்தாள். நேற்று இடுப்பில் ஒரு தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்திருந்தார்கள், அதற்காகத்தான் அவளை வரச் சொல்லியிருந்தார்கள். கவுனில் இன்னும் அவள் உடம்பின் சூடு இருந்தது. ஆனால் முதலில் போட வேண்டியது ஸ்பாஞ்ச். அது நதித் தண்ணீர் மாதிரி சில்லென்று தொடையைப் பிடித்தது.

கேஸா குனிந்து கொக்கிகளை மாட்டினாள்.

“கையெழுத்துப் போட்டுரு,” என்றாள், நிமிராமல். “ஒரு வரிதான. படிச்சிட்டு மறந்துருவாங்க.”

“டோம்கெ மறக்கலையேம்மா.”

கடைசிக் கொக்கி மாட்டவில்லை. கேஸா இரண்டு முறை முயன்றாள்.

*

விளக்குகள் எரிந்தன. ஃபென்யா இடது காலை முன்னால் வைத்தாள், தோளைத் திருப்பினாள், எலுமிச்சை மரத்தைப் பார்த்துப் புன்னகைத்தாள். ஹின்னெர்க்கின் கேமரா படபடவென்று சிமிட்டியது. பிறகு நின்றது.

“இடது பக்கம் என்னமோ பரவுது.”

எல்லோரும் பார்த்தார்கள். மஞ்சள் லினன் துணியில், இடுப்புக்குச் சற்றுக் கீழே, காசளவு ஒரு கறுப்பு வட்டம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தட்டளவு ஆனது. விளக்கின் சூட்டில் ஸ்பாஞ்ச் தன்னிடம் மிச்சமிருந்த தண்ணீரை நிதானமாக வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

உடை அலங்காரப் பெண் முடி உலர்த்தும் கருவியோடு ஓடிவந்து மண்டியிட்டாள். ஃபென்யாவின் இடுப்பில் சூடான காற்று அடித்தது. கவுன் உப்பியது. அந்தப் பக்கம் இன்னொரு வட்டம் கிளம்பியது.

டோம்கெ வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் நிற்கவில்லை, சிரிப்பு பீறிட்டு வந்தது. அதைப் பார்த்து ஃபென்யாவுக்கும் வந்தது. நான்கு வருடத்தில் அந்த வெள்ளைக் காகிதத்தின்மேல் அவள் யாரும் சொல்லாமல் சிரித்தது அன்றைக்குத்தான்.

“விடுங்க, விடுங்க,” என்றாள் வென்டலின். “கறையைக் கம்ப்யூட்டர்ல அழிச்சுக்கலாம். ஹின்னெர்க், எடுங்க. ஃபென்யா, கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டுங்க. ஆங், அதுதான் உங்க அழகே.”

ஃபென்யா கழுத்தை நீட்டினாள்.

நீட்டியபோது தங்கையைப் பார்த்தாள். டோம்கெவின் சிரிப்பு நின்றிருந்தது. அவள் கை தன்னையறியாமல் கோட்டுக் காலரை மேலே இழுத்துக்கொண்டிருந்தது.

அடுத்து நடந்ததற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஃபென்யா கவுனின் விளிம்பைத் தூக்கி, உள்ளே கைவிட்டு, கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஸ்பாஞ்ச் பொத்தென்று காகிதத்தில் விழுந்தது. ஈரமான நீச்சலுடையிலிருந்து வெளியே வருவதுபோல் அதிலிருந்து கால்களை எடுத்தாள். மஞ்சள் கவுன், காற்று நின்றுபோன பாய்மரம் மாதிரி, அவள்மேல் தொங்கியது. பிறகு அவள் ஸ்பாஞ்சை எடுத்தாள். கவுனுக்கு மேலேயே, எல்லோரும் பார்க்க, இடுப்பில் மாட்டிக் கொக்கி போட்டாள்.

“இப்ப எடுங்க, ஹின்னெர்க்.”

“ஹின்னெர்க், கேமராவைக் கீழ வைங்க!” என்றாள் வென்டலின்.

கேமரா மூன்று முறை சிமிட்டியது.

“விரல் வழுக்கிடுச்சு,” என்றார் ஹின்னெர்க்.

ஃபென்யா நேராக மேசைக்குப் போனாள். பேனாவை எடுத்தாள். மேற்கோள் குறிக்குள் இருந்த வரியை அடித்தாள். அதற்கு மேலே எழுதினாள்: ‘இந்தப் படத்தில் கழுத்து மட்டும் என்னுடையது.’ கீழே கையெழுத்துப் போட்டாள்.

“இந்தாங்க. உள்ளது உள்ளபடி.”

வென்டலின் கத்தவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவள் குரல் தாழ்ந்தபோதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது.

“பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நாப்பத்தெட்டை அட்டையில போடலாம்னு ஒரு வார்த்தை சொன்னா கம்பெனிக் கூட்டத்துலேருந்து எந்திரிச்சுப் போயிருவாங்க. நான் உக்காந்து சண்டை போட்டேன். இந்த இடுப்பாவது அட்டையில வரட்டும்னு சண்டை போட்டேன். பொய்யோ மெய்யோ, அதைப் பாத்துட்டு எத்தனை பொண்ணுங்க தைரியமா வெளிய வந்தாங்க தெரியுமா?”

“எத்தனை பொண்ணுங்க வெளிய வராம இருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றாள் ஃபென்யா. “எனக்கும் இன்னிக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. ஒருத்தி எனக்கு அடுத்த ரூம்ல தூங்கறா.”

“சரி. நீங்க சின்னப் பொண்ணு, வேற இடம் பாத்துக்குவீங்க. உங்க அம்மாவை நினைச்சுப் பாத்தீங்களா? ரகசியம் வெளிய வந்தா ரெண்டு பேரும் போகணும். இருபத்திரண்டு வருஷம். இந்த வயசுல அவங்களை யாரு கூப்பிடுவா?” வென்டலின் திரும்பினாள். “ஃப்ராவ் லூர்சன், நீங்களே உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க.”

கேஸா திரைக்குப் பக்கத்தில் கம்பளிக் கோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். பெரிய இடத்தைப் பகைத்துக்கொள்ளாதே என்று மகள்களுக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்தவள். அவள் மேசைக்கு வந்து தாளை எடுத்து, தூரத்தில் பிடித்துப் படித்தாள்.

“கையெழுத்து கோணலா இருக்கு,” என்றாள் கேஸா. “ஆனா படிக்க முடியுது.”

“ஃப்ராவ் லூர்சன்…”

“ஊசி தப்பிக் குத்தினா அசையக்கூடாதுன்னு நின்னேன், ஃப்ராவ் வென்டலின். அசைஞ்சா அளவு தப்பிரும். காய்ச்சல்ல மெலிஞ்சப்ப வாரம் பூரா ரொட்டியில வெண்ணெயை அப்பித் தின்னேன், வாந்தி வர வர. என் புருஷன் போனப்ப சாப்பாடு இறங்கல. அழறதுக்கு முன்னாடி இஞ்சு டேப் எடுத்து இடுப்பை அளந்தேன். எல்லாம் இந்தக் கவுன் ஒழுங்கா உக்காரணும்னுதான். நாலு வருஷமா அது எங்க உக்காருது? ஸ்பாஞ்சு மேல.”

எலுமிச்சைத் தொட்டியிலிருந்து ஓர் இலை உதிர்ந்தது.

வென்டலின் எழுந்தாள். கைபேசியைத் தேடி எடுத்தாள். “நான் தலைமை அலுவலகத்துக்குப் பேசறேன். பத்து நிமிஷம். திரும்பி வரும்போது எல்லாம் பழையபடி இருக்கணும்.” கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. வராந்தாவில் அவள் குரல் ஆரம்பித்தது, நீண்டுகொண்டே போனது.

ஹின்னெர்க் விளக்குகளைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். “பத்து நிமிஷத்துக்கு விளக்கை அணைச்சு அணைச்சுப் போட்டா பல்பு கெட்டுரும். எரிஞ்சிட்டே இருக்கட்டும்.”

ஃபென்யாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபென்யா திரைக்குப் பின்னால் போனாள், கேஸாவும் போனாள். மஞ்சள் கவுன் திரைக்கு மேலே ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

கேஸா அந்தக் கவுனில் வெளியே வந்தபோது ஹின்னெர்க் தொப்பியைக் கழற்றினார்.

முதுகில் ஒரு கிளிப் இல்லை, ஓர் ஊசி இல்லை. தோளில் ஆரம்பித்த துணி மார்பில் நின்று, வயிற்றின்மேல் வழிந்து, இடுப்பில் திரும்பி, முழங்காலுக்குக் கீழே தானாக விழுந்தது. ஈர வட்டங்கள் இரண்டும் அப்படியே இருந்தன. கவுன் நடந்தது. அவள் மூச்சு விட்டபோது அதுவும் விட்டது.

பனிக்கால பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சாம்பல் நிறக் காலுறையோடு வெள்ளைக் காகிதத்தில் ஏறினாள். தையல் கூடத்தில் அவளைப் படம் எடுப்பார்கள், கழுத்துக்குக் கீழேதான். இங்கே விளக்கு முகத்தில் விழுந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இடுப்பில் வைத்தாள், எடுத்தாள், பின்னால் கட்டிக்கொண்டாள்.

“எப்படி நிக்கணும்?”

“உங்க வீட்டு வாசல்ல நிக்கற மாதிரி,” என்றார் ஹின்னெர்க்.

“ரொட்டிக்காரன்கிட்ட சண்டை போடும்போது நிப்பியே, அப்படிம்மா,” என்றாள் ஃபென்யா. தன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்து கேமராவுக்குப் பக்கத்தில் நின்றாள். இந்தப் பக்கம் நிற்பது அவளுக்கே புதிதாக இருந்தது.

கேஸா நிமிர்ந்தாள். ஒரு கணம் பெரிதாக, கோபமாக, அழகாக இருந்தாள். பிறகு தோள் தளர்ந்துவிட்டது. கண் கேமராவைத் தாண்டிப் போயிற்று.

டோம்கெ கதவோரம் நின்றாள். காலையிலிருந்து அவள் அம்மாவிடம் பேசவில்லை. பதினான்கு வயதுக்குப் பிறகு யாருடைய படத்திலும் அவள் இல்லை. பிறந்தநாள், பள்ளி விடைபெறும் நாள் எல்லாவற்றிலும், எடுத்துத் தருகிறேன் என்று கேமராவை வாங்கிக்கொண்டு வெளியே நின்றுவிடுவாள். இப்போதும் கோட்டின் கடைசிப் பொத்தான்வரை போட்டிருந்தாள்.

வராந்தாவில் வென்டலினின் பேச்சு நின்றது. காலணிச் சத்தம் கதவை நோக்கித் திரும்பியது.

“டோம்கெ,” என்றாள் கேஸா. “தெரிஞ்சேதான் சொல்லாம இருந்தேன். அதுக்கு நீ வீட்டுல வந்து எவ்வளவு வேணும்னாலும் திட்டு, கேட்டுக்கறேன். இப்ப அதைப் பத்திப் பேச நேரம் இல்ல. இங்க விளக்கு ரொம்ப வெளிச்சமா இருக்கு, எனக்குத் தனியா நிக்க வரல.”

அவள் ஒரு கையைப் பின்னாலிருந்து எடுத்து, காகிதத்தில் தன் பக்கத்தில் இருந்த காலி இடத்தை நோக்கி நீட்டினாள்.

“கோட்டைக் கழட்டிட்டு, இங்க வந்து என் பக்கத்துல நிக்கறியாடீ?”